கோடையில் பழகும் சீகோங், குளிர்காலத்தில் கைகொடுக்குமா?

கேள்வி இது: "என் அம்மாவுக்கு 62 வயது. ஒவ்வொரு வருடமும் ஐப்பசி பிறந்தால் சளி, இருமல், மூட்டுவலி என்று படுத்துவிடுகிறார். கோடையிலேயே சீகோங் பழகிவிட்டால் மழையையும் குளிரையும் உடம்பு தாங்கும் என்று ஒருவர் சொன்னார். சீனாவில் உண்மையிலேயே அப்படி ஒரு வழக்கம் இருக்கிறதா? இருந்தால் என்ன செய்ய வேண்டும்?"

இருக்கிறது. இரண்டாயிரம் வருடப் பழக்கமுள்ள எண்ணம் அது. ஆனால் உங்களிடம் சொன்னவர் பாதியைத்தான் சொல்லியிருக்கிறார். கோடையில் செய்து வைத்துவிட்டால் மீதியை உடம்பே பார்த்துக்கொள்ளும் என்று அங்கே விவரம் தெரிந்தவர்கள் யாரும் சொல்வதில்லை. கோடையில் எதைச் செய்யலாம், எந்த அளவோடு நிறுத்த வேண்டும் என்பதில்தான் விஷயமே இருக்கிறது. வேலை காரணமாகச் சில வருடங்கள் பெய்ஜிங்கில் இருந்தேன். அங்கே ஒரு பூங்காவில் பழக ஆரம்பித்ததை இன்றும் விடவில்லை. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

'சீ' என்ற சீனச் சொல் காற்று, மூச்சு, உயிர்ச்சக்தி எல்லாவற்றையும் குறிக்கும். நாம் பிராணன் என்கிறோமே, ஏறக்குறைய அது. 'கோங்' என்பது நாள்பட்ட பழக்கத்தால் கைவரும் திறமை. மெதுவான அசைவு, அதற்கு இசைந்த மூச்சு, அலையாத மனம், இந்த மூன்றும் சேர்ந்ததுதான் சீகோங். பயிற்சி பழையது, பெயர்தான் புதியது. ஹூனான் மாகாணத்தில் சாங்ஷா நகரை ஒட்டிய மாவாங்துய் என்ற இடத்தில் 1973-ல் ஒரு கல்லறையைத் தோண்டினார்கள். கி.மு. 168-ல் மூடப்பட்ட கல்லறை. உள்ளே பட்டுத்துணியில் வரைந்த ஓவியம் ஒன்று கிடைத்தது. ஆணும் பெண்ணும், கிழவரும் இளைஞருமாக 44 பேர். கையை விரித்து, இடுப்பை வளைத்து, ஆளுக்கொரு நிலையில் நிற்கிறார்கள். அந்தக் காலத்தில் இதற்கு 'தாவ்யின்' என்று பெயர். சீகோங் என்ற சொல் ஒரு சிகிச்சையின் பெயராகப் பரவியது 1950-களில், ஹெபெய் மாகாணத்தில் லியூ குயிசென் என்பவர் நடத்திய சிகிச்சை நிலையங்கள் வழியாக.

கோடைக்கும் குளிருக்கும் முடிச்சு போட்டது 'ஹுவாங்தி நெய்ஜிங்' என்ற மூலநூல். சீன மருத்துவம் முழுவதும் அதன் மேல்தான் நிற்கிறது. அதன் இரண்டாம் அத்தியாயம் நான்கு பருவங்களிலும் எப்படி வாழ வேண்டும் என்று சொல்கிறது. கோடைக்கு அது சொல்வதன் சாரம் இது: எல்லாம் செழித்துப் பூக்கிற காலம் இது, இரவு சற்றுத் தாமதமாகப் படுத்து விடிகாலையில் எழ வேண்டும், வெயில் நாளைக் கண்டு சலித்துக்கொள்ளக் கூடாது, மனதில் கோபம் தங்கக் கூடாது, உள்ளிருப்பது வெளியே போக வழிவிட வேண்டும். இப்படி நடக்காவிட்டால் முதலில் அடிபடுவது இதயம். அடுத்து வரும் இலையுதிர்காலத்தில் விட்டு விட்டுக் காய்ச்சல் வரும். அறுவடைக்காலத்துக்குக் கொடுக்க உடம்பின் கையில் ஒன்றும் இருக்காது. நடுக்குளிரில் நோய் முற்றும்.

இதை ஊன்றிப் படித்தால் ஒன்று தெரியும். பயிற்சி செய்யாவிட்டால் இதெல்லாம் வரும் என்று நூல் சொல்லவில்லை. பருவத்தோடு முரண்டு பிடித்தால் வரும் என்கிறது. இன்றைய கணக்கில் பார்த்தால் கோடை முழுக்க ஏசி அறைக்குள் முடங்குவதும், ஐஸ் தண்ணீராகக் குடிப்பதும், வெயிலைத் திட்டிக்கொண்டே நாளைக் கழிப்பதும்தான் அந்த முரண்டு. சீகோங் அதற்கு எதிர்ப்பக்கம் நிற்கிற ஒரு வழி, அவ்வளவுதான்.

அதே அத்தியாயத்தில் இன்னொரு வாக்கியம் சீனாவில் எல்லார் வாயிலும் வரும். வசந்தத்திலும் கோடையிலும் யாங்கைப் பேண வேண்டும், மற்ற இரண்டு பருவங்களில் யின்னைப் பேண வேண்டும் என்பது. யாங் என்றால் சூடு, இயக்கம், வெளிநோக்கிய சக்தி. யின் அதற்கு எதிர்ப்பக்கம்: குளிர்ச்சி, ஓய்வு, உள்ளே சேர்ப்பது. ஏற்கெனவே கொளுத்துகிற காலத்தில் சூட்டை ஏன் பேண வேண்டும் என்று எனக்கும் புரியவில்லை. கிணற்றை நினைத்துப் பார் என்றார்கள். வெளியே அனல் அடிக்கும்போது கிணற்றுத் தண்ணீர் சில்லென்று இருக்கும், மார்கழி விடியலில் அதே தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கும். மனித உடம்பும் அப்படித்தான், கோடையில் சூடு தோல் பக்கம் வந்துவிடுகிறது, நடுவே வயிறு குளிர்ந்து பலவீனமாகிறது என்பது அவர்கள் கணக்கு. அதனால்தான் வெளிச்சூட்டுக்குப் பயந்து உள்ளே குளிர்ச்சியைக் கொட்டாதே என்கிறார்கள். குளிர்காலத்தில் முள்ளங்கி, கோடையில் இஞ்சி, வைத்தியர் சீட்டே வேண்டாம் என்று ஒரு பழமொழியும் உண்டு.

'குளிர்கால நோய்க்குக் கோடையில் வைத்தியம்' என்று ஒரு மருத்துவ முறையே தனியாக இருக்கிறது. அதன் மையம் 'சான்ஃபூ' எனப்படும் கோடை உச்ச நாட்கள். கோடைத் திருப்பத்துக்கு, அதாவது ஜூன் 21 வாக்கில் வரும் மிக நீண்ட பகலுக்கு, பிறகு வரும் மூன்றாவது 'கெங்' நாளில் தொடங்கி 30 அல்லது 40 நாள் நீடிக்கும். கெங் என்பது பத்து நாள் சுற்றில் ஏழாவது நாள். 2024-ல் ஜூலை 15-ல் தொடங்கி 40 நாள் இருந்தது, 2025-ல் ஜூலை 20-ல் தொடங்கி 30 நாளோடு முடிந்தது. 'ஃபூ' என்ற எழுத்தைப் பார்த்தால் ஒரு மனிதனும் பக்கத்தில் ஒரு நாயும் இருக்கும். பதுங்கிக் கிடப்பது என்று பொருள். வெயிலில் நாய் நிழல் தேடிச் சுருண்டுகொள்வது போல அந்த நாட்களில் பதுங்கியிரு என்று எனக்குச் சொல்லித் தந்தார்கள்.

அந்த நாட்களில் ஆஸ்துமா, நாள்பட்ட இருமல் உள்ளவர்கள் மருத்துவமனைகளில் வரிசையில் நிற்பார்கள். வெண்கடுகுப் பொடியையும் வேறு சில மூலிகைகளையும் இஞ்சிச் சாற்றில் குழைத்து முதுகில் சில புள்ளிகளில் பற்றுப் போடுவார்கள். சாங் லூ என்ற மருத்துவர் 1695-ல் எழுதிய நூலிலேயே இந்தப் பற்று இருக்கிறது. இதை ஊரில் நீங்களாகச் செய்ய வேண்டாம். வெண்கடுகு தோலைப் பொத்துவிடும். என்னோடு வேலை பார்த்த ஒருவருக்கு முதுகில் கொப்புளம் வந்து ஆறிய தழும்பு இரண்டு வருடம் ஆகியும் போகவில்லை. எண்ணத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்: நோய் படுத்தியிருக்கும் காலத்தில் போராடுவதைவிட, அது ஓய்ந்திருக்கும் காலத்தில் உடம்பைத் தயார் செய்வது எளிது.

நான் பழகியது சொர்க்கக் கோயில் பூங்காவில். பல நூறு வயதான சைப்ரஸ் மரங்கள் வரிசையாக நிற்கும். வாசல் திறந்ததும் ஓய்வுபெற்றவர்கள் கூட்டம் கூட்டமாக வந்துவிடுவார்கள். எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர் எழுபதைத் தாண்டிய ஒரு அம்மா. எல்லாரும் அவரை 'ஆயி' என்று கூப்பிடுவோம். சீனத்தில் சித்தி, பெரியம்மா போன்ற சொல் அது. நம் ஊர் 'ஆயி' போலவே காதில் விழும். கோடையில் அவர் செய்கிற ஒரு காரியம் இன்றும் கண்ணில் நிற்கிறது. பயிற்சி நடுவில் ஒவ்வொருவர் பின்னாலும் வந்து தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையை வைத்துப் பார்ப்பார். சட்டை லேசாக நசநசத்தால் தலையை ஆட்டிவிட்டு அடுத்தவரிடம் போவார். முதுகோடு ஒட்டியிருந்தால், "போதும், உட்கார்" என்பார். ஜூலை மாதத்தில் நான் பாதிநாள் அந்தக் கல்பெஞ்சில்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

அவருக்கு அது வெறும் கண்டிப்பு அல்ல. வியர்வை இதயத்தின் நீர் என்பது சீன மருத்துவக் கணக்கு. கோடை இதயத்தின் பருவம். மெல்ல வியர்த்தால் கதவு திறக்கிறது, கொட்டினால் வீட்டிலிருப்பதே போய்விடுகிறது. 'கோடையில் சான்ஃபூவில் பழகு, குளிரில் கடுங்குளிரில் பழகு' என்றும் அங்கே ஒரு வாசகம் உண்டு. அது குங்ஃபூ பழகும் இளைஞர்களுக்கான வைராக்கியம். அதை எடுத்து 62 வயது அம்மாவுக்குப் பொருத்தக் கூடாது. இந்த ஒரு விஷயத்தில் நான் பிடிவாதமாகவே இருப்பேன்.

சரி, எதைப் பழகுவது? 2003-ல் சீன அரசின் விளையாட்டுத் துறை பழைய முறைகளிலிருந்து நான்கை ஒழுங்குபடுத்தி வெளியிட்டது. எட்டு அசைவுகள் கொண்ட பாதுவான்ஜின், ஐந்து விலங்குகளைப் பார்த்துச் செய்யும் வூச்சின்ஷி, தசைநார்களுக்கான யீஜின்ஜிங், ஆறு ஒலிகளால் ஆன லியூசிஜுவே. கோடைக்கென்று கேட்டால் கடைசியில் சொன்னதைத்தான் எடுப்பேன். ஆறு உறுப்புக்கு ஆறு ஒலி; மூச்சை வெளியே விடும்போது மட்டும் ஒலி. கோடைக்கு உரியது இதயத்தின் ஒலி. 'ஹ' என்று எழுதலாம். கண்ணாடியில் ஆவி படிய ஊதுவோமே, அந்த மாதிரி தொண்டையிலிருந்து வாய் பாதி திறந்து வரும் ஒலி.

செய்யும் விதம் இது. கால்களைத் தோளகலம் விரித்து, முழங்காலைச் சற்றே தளர்த்தி நிற்க வேண்டும். இரண்டு கைகளையும் முன்னால் கீழே இறக்கி, கிணற்றிலிருந்து தண்ணீரை அள்ளுவது போல உள்ளங்கை மேலே பார்க்கச் சேர்த்து, மூச்சை மூக்கால் இழுத்துக்கொண்டே மார்பு வரை கொண்டுவர வேண்டும். அங்கே முழங்கைகள் பக்கவாட்டில் உயரும், விரல் நுனிகள் தரையைப் பார்க்கத் திரும்பும், இரண்டு புறங்கைகளும் ஒன்றையொன்று தொடும். பிறகு 'ஹ…' என்று விட்டுக்கொண்டே கைகள் வயிற்றுக்கு நேராக மெல்ல இறங்க வேண்டும். மூச்சு தீரும் இடத்தில் கையும் நிற்க வேண்டும். கடைசிச் சொட்டையும் பிழிந்து தள்ளக் கூடாது. ஆறு முறை போதும். முதலில் காதுக்குக் கேட்கும் ஒலியோடு செய்து, பழகிய பிறகு ஒலியைக் குறைத்துக்கொண்டே வந்து, மூச்சு மட்டும் மிஞ்சும்படி செய்வார்கள். ஆயி பக்கத்தில் நின்றால்கூட அவர் ஒலி கேட்காது, மரத்தடியில் இலை நகர்வது போல இருக்கும்.

இது நுரையீரலுக்கு நேரடியாக உதவுகிற பயிற்சியும்கூட. வெளிமூச்சு நீளும்போது மூச்சின் எண்ணிக்கை தானாகக் குறைகிறது. நிமிடத்துக்கு ஆறு மூச்சு அளவுக்கு நிதானமானால் இதயத்துடிப்பும் ரத்த அழுத்தமும் ஒன்றையொன்று சீராக்கிக்கொள்ளும் திறன் கூடுவதை இன்றைய உடலியலும் ஒப்புக்கொள்கிறது. இதயத்துக்கு நல்லது என்று பழைய ஆட்கள் சொன்னதன் ஒரு முனை இங்கே வந்து தொடுகிறது.

அப்புறம் பாதுவான்ஜினிலிருந்து இரண்டு அசைவுகளைச் சேர்த்துக்கொள்ளுங்கள். முதல் அசைவு, விரல்களைக் கோத்து உள்ளங்கை வானத்தைப் பார்க்கத் தலைக்கு மேல் உயர்த்துவது. விலாவும் தோளும் நன்றாகத் திறக்கும். கடைசி அசைவு, குதிகால்களை உயர்த்தி மெல்லத் தட்டென்று இறக்குவது, ஏழு முறை. உங்கள் அம்மா இதற்கு ஒரு சுவரையோ நாற்காலி முதுகையோ பிடித்துக்கொள்ளட்டும். 'இதயத் தீயைத் தணிப்பது' என்ற பெயரில் ஐந்தாவது அசைவு ஒன்று இருக்கிறது, கோடைக்கு அதைத்தான் விசேஷமாகச் சொல்வார்கள். ஆனால் தாழ உட்கார்ந்து உடம்பைச் சுழற்ற வேண்டும். மூட்டுவலி உள்ளவருக்கு அது வேண்டாம்.

இனி, இது உண்மையிலேயே பலன் தருமா என்ற கேள்வி. கோடையில் சீகோங் பழகியதால் குளிர்காலத்தில் சளி வராது என்று நிரூபித்துவிட்டதாக யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். நாள்பட்ட நுரையீரல் நோய் உள்ளவர்கள் சில மாதம் பாதுவான்ஜின் செய்து, நடக்கும் தூரமும் மூச்சும் மேம்பட்டதாகச் சீனாவில் பல ஆய்வுகள் வந்திருக்கின்றன. பெரும்பாலும் சிறியவை, மருந்துச் சோதனை அளவுக்குக் கறாரானவை அல்ல. வயதானவர்கள் தடுக்கி விழுவதைக் குறைப்பதில் இதன் உறவுக்காரப் பயிற்சியான தை சிக்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. ஆனால் எல்லா உடற்பயிற்சிக்கும் உள்ள விதி இதற்கும் உண்டு. நிறுத்தினால் சில வாரங்களில் தசைபலம் இறங்கத் தொடங்கிவிடும். ஆவணியில் விட்டுவிட்டால் கார்த்திகைக்கு ஒன்றும் மிஞ்சாது.

அப்படியென்றால் கோடைக்கு என்ன சிறப்பு? வடசீனாவில் ஒரு காரணம் வெளிப்படையானது. பெய்ஜிங் இருப்பது 40-வது அட்சக்கோட்டின் அருகே. குளிர்காலச் சூரியன் அங்கே தோலில் வைட்டமின் டி உண்டாக்கப் போதாது. கோடைக் காலையில் திறந்தவெளியில் நின்றவர்கள் சேர்த்ததுதான் அடுத்த சில மாதத்துக்குக் கையிருப்பு. தமிழ்நாட்டில் வருடம் முழுக்க வெயில் இருப்பதால் இந்தக் காரணம் நமக்குப் பொருந்தாது. நமக்குப் பொருந்துவது இன்னொன்று. பழக்கம் என்பது உடம்பு இலகுவாக இருக்கும் காலத்தில்தான் ஒட்டும். உங்கள் அம்மாவுக்கு இருமல் வந்த பிறகு, மூட்டு இறுகிய பிறகு, "கையைத் தூக்கு, மூச்சை இழு" என்றால் இரண்டாம் நாளே விட்டுவிடுவார். மூட்டு தளர்ந்திருக்கும், நெஞ்சு தெளிவாக இருக்கும் மாதங்களில் தொடங்கினால் ஐப்பசிக்குள் அது பல் துலக்குவது போல ஆகியிருக்கும். அந்த மூலநூல் அறுவடைக்காலத்துக்குக் கொடுப்பது என்று சொன்னதை நான் இப்படித்தான் புரிந்துகொள்கிறேன்.

பருவக் கணக்கையும் அப்படியே தூக்கி வரக் கூடாது. அந்த நூல்களின் கோடை மஞ்சள் நதிப் பக்கத்துக் கோடை. அங்கே உச்சம் ஜூலையும் ஆகஸ்டும். நமக்கு உச்சம் மே மாதத்து அக்னி நட்சத்திரம், சங்கடம் தருவது அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்யும் வடகிழக்குப் பருவமழை. அதனால் சித்திரையில் தொடங்கினால் ஆறு மாதம் கிடைக்கும். ஆடியில் தொடங்கினாலும் மோசமில்லை.

அம்மாவுக்கு நான் சொல்வது இது. காலை ஐந்தரைக்கு, மொட்டைமாடியிலோ வாசலிலோ, வெயில் ஏறுவதற்குள் முடிகிற மாதிரி 15 நிமிடம். முதல் ஐந்து நிமிடம் சும்மா நிற்கட்டும். முழங்கால் தளர்ந்து, தோள் தொங்கி, கைகள் வயிற்றுக்கு முன்னால் ஒரு பானையை அணைத்தது போல. நிற்க முடியாவிட்டால் நாற்காலி நுனியில் உட்காரலாம். பிறகு கை உயர்த்தும் அசைவு எட்டு முறை, 'ஹ' ஒலி ஆறு முறை, குதிகால் ஏழு முறை. கடைசியில் உள்ளங்கைகளைத் தேய்த்து முகத்திலும் முழங்காலிலும் வைத்துக்கொள்ளட்டும். நீங்கள் பின்னால் போய் முதுகில் கை வைத்துப் பாருங்கள். ஈரம் ஒட்டினால் அன்றைக்கு அத்தோடு சரி. வியர்வையைத் துடைத்து, சட்டை மாற்றி, அரைமணி நேரம் கழித்துக் குளிக்கலாம். உடனே மின்விசிறிக்கு நேராகவோ ஏசிக்கு அடியிலோ உட்காரக் கூடாது என்று அங்கே மிகவும் கண்டிப்பார்கள். குடிக்க வெந்நீர் அல்லது சாதாரணத் தண்ணீர். மதியம் சாப்பிட்டுவிட்டு அரைமணி கண்ணயர்வதும் அவர்கள் கோடை முறையில் உண்டு. 11 முதல் 1 மணி வரை இதயத்தின் நேரம் என்பார்கள்.

சில எச்சரிக்கைகளைச் சொல்லியே ஆக வேண்டும். ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறவர் குனிந்து நிமிரும்போது தலை சுற்றலாம், நிதானமாக நிமிரட்டும். சர்க்கரைக்கு இன்சுலின் போடுகிறவர் வெறும் வயிற்றில் செய்யக் கூடாது. எந்த இடத்திலும் மூச்சை அடக்கிப் பிடிக்க வேண்டாம். நெஞ்சில் அழுத்தம், படபடப்பு, வழக்கமில்லாத மூச்சிரைப்பு வந்தால் நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போக வேண்டும். வீசிங்குக்கு இன்ஹேலர் இருந்தால் அது அப்படியே தொடரட்டும். வருடாவருடம் இதே மாதத்தில் இருமல் வருகிறது என்றால் ஆஸ்துமாவா, ஒவ்வாமையா, வேறு ஏதாவதா என்று ஒருமுறை பரிசோதித்துவிடுங்கள், ஃப்ளூ தடுப்பூசி பற்றியும் அப்போதே கேளுங்கள். சான்ஃபூ நாட்களில் நடுவெயிலில் முதுகைக் காட்டிக் காய்வது இப்போது சீனாவில் பரவியிருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு யாராவது மொட்டைமாடியில் மதியம் உட்காரச் சொன்னால் கேட்காதீர்கள், வெப்பவாதம் வந்துவிடும்.

மழை பிடித்ததும் மாடியை விட்டுக் கூடத்துக்கு வந்துவிடுங்கள், நேரம் மட்டும் மாற வேண்டாம். 'ஹ' ஒலியை அப்போது குறைத்துக்கொண்டு நுரையீரலின் ஒலிக்குப் போகலாம். பற்களை லேசாகச் சேர்த்து, நாக்கு நுனி பல்லைத் தொட, 'ஸ்ஸ்' என்று நீளமாக விடுவது. இலையுதிர்காலத்துக்கு அதைத்தான் வைத்திருக்கிறார்கள். இருமல் இருக்கும் நாளில் ஒலியே வேண்டாம், நாற்காலியில் உட்கார்ந்து கையை மட்டும் உயர்த்தி இறக்கட்டும். அன்றைக்கு ஐந்து நிமிடம் செய்தாலும் போதும்.